முதல் பெரிய சிகரத்துக்கு எங்கே போவது? வழிகாட்டியோடு ஏறும் ஐந்து மலைகள், ஓர் ஒப்பீடு

மலைநடைப் பயணம் ஒன்றிரண்டு முடித்தவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "அடுத்து நிஜமான சிகரம் ஒன்று ஏற வேண்டும். ஒருமுறை செலவழிக்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன், மூன்று வாரம் விடுப்பும் கிடைக்கும். கிளிமஞ்சாரோவா, எல்ப்ரஸா, ஐலண்ட் பீக்கா? துணிந்து அகோன்காகுவாவுக்கே போய்விடலாமா?" சிலர் டெனாலியையும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதுவும் ஐலண்ட் பீக் உயரம்தானே என்பது அவர்கள் வாதம்.

சிக்கல் அந்த வாதத்தில்தான் இருக்கிறது. டெனாலி 6,190 மீட்டர். ஐலண்ட் பீக் சுமார் 6,160 மீட்டர். ஆனால் ஐலண்ட் பீக்கில் ஒரு ஷெர்பா, அதாவது நேபாள மலை வழிகாட்டி, கயிற்றை மாட்ட இடுப்பில் கட்டும் உங்கள் ஹார்னஸைச் சரிபார்த்து, நள்ளிரவில் கிளப்பி, மறுநாள் மதியத்துக்குள் இறக்கிக் கொண்டுவந்துவிடுவார். டெனாலியில் கிட்டத்தட்ட மூன்று வாரம் உங்கள் மூட்டையை நீங்களே சுமந்து, பின்னால் ஒரு ஸ்லெட்ஜையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டுமே வழிகாட்டியோடு போகும் பயணங்கள்தான், உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் தேறியவர் மற்றொன்றின் முதல் வாரத்தைத் தாண்டுவார் என்று சொல்ல முடியாது.

அதனால் உயரத்தைப் பார்த்து மலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதே என் கட்சி. வழிகாட்டி உங்களுக்காக எவ்வளவு செய்கிறார், மிச்சம் எவ்வளவு உங்கள் தலையில் விழுகிறது என்று பாருங்கள். கீழே ஐந்து மலைகளையும் அந்தக் கணக்கில்தான் பார்த்திருக்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் நாட்கள். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. உடல் அதற்குப் பழக அவகாசம் கேட்கும். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்கி ஓய்வெடுக்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. எந்த நிறுவனத்தின் அட்டவணை கைக்கு வந்தாலும் முதல் வேலையாக அதில் தூங்கும் உயரங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். பாதி நிறுவனங்கள் அங்கேயே கழிந்துவிடும்.

இரண்டாவது சுமை. போர்ட்டர் சுமக்கிறாரா, கோவேறு கழுதையா, நீங்களா? எந்த முகாம் வரைக்கும்?

மூன்றாவது பனியும் கயிறும். கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முட்கள்), ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி), ஜூமார் (கயிற்றில் மேல்நோக்கி மட்டும் நகரும் கைப்பிடி) இதெல்லாம் தேவையா, தேவையென்றால் அங்கே கற்றுத் தருவார்களா, கற்றுக்கொண்டு வரச் சொல்வார்களா?

நான்காவது, சிகரம் ஏறும் நாளில் ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர். இதோடு இன்னொரு கேள்வியும் உண்டு. குழுவில் ஒருவருக்கு முடியாமல் போனால் அவரை யார் இறக்குவார்கள்? அவரோடு மற்றவர்களும் திரும்ப வேண்டுமா? இதை யாரும் கேட்பதில்லை. எட்டுப் பேருக்கு இரண்டே வழிகாட்டிகள் என்றால், இரண்டாவது ஆள் தலைவலி என்று உட்காரும் நேரத்தில் மொத்தக் குழுவின் பயணமும் முடிந்துபோகும்.

ஐந்தாவது முழுச் செலவு. விளம்பரத்தில் உள்ள தொகை வேறு, வீடு திரும்பும்போது கணக்கில் கழிந்திருக்கும் தொகை வேறு. அனுமதிக் கட்டணம், டிப்ஸ், கருவி வாடகை, வானிலைக்காகக் கூடுதலாகத் தங்கும் இரவுகள், மாற்றிய விமான டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் வெளியே நிற்கும். இன்சூரன்ஸில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல பாலிசிகள் 4,500 மீட்டரோடு அல்லது 6,000 மீட்டரோடு நின்றுவிடும். 6,000 மீட்டர் பாலிசி கிளிமஞ்சாரோவுக்குப் போதும், ஐலண்ட் பீக்குக்குப் போதாது. கயிறும் கிராம்பானும் பயன்படுத்தினால் செல்லாது என்று ஒரு வரி சிலவற்றில் ஒளிந்திருக்கும். உயர எல்லையைப் பார்த்துத் திருப்தியாகிவிடாமல் அதையும் தேடிப் படியுங்கள்.

கடைசியாக, இறங்கும் வழி. உடம்புக்கு முடியவில்லை என்றால் எவ்வளவு சீக்கிரம் கீழே வர முடியும்?

| மலை | உயரம் | பயண நாட்கள் | சுமை யார் பொறுப்பு | பனிக்கருவி | நிறுவன விலை, விமானம் தவிர (டாலர், சுமார்) | நல்ல பருவம் |
|---|---|---|---|---|---|---|
| கிளிமஞ்சாரோ, தான்சானியா | 5,895 மீ | 6–9 | போர்ட்டர் | வேண்டாம் | 2,000–4,000 | ஜனவரி–மார்ச் தொடக்கம், ஜூன்–அக்டோபர் |
| எல்ப்ரஸ், ரஷ்யா | 5,642 மீ | 8–10 | கேபிள் கார், பிறகு நீங்கள் | கிராம்பான், ஐஸ் ஆக்ஸ் | 1,200–3,000 | ஜூன்–செப்டம்பர் தொடக்கம் |
| ஐலண்ட் பீக், நேபாளம் | சுமார் 6,160 மீ | 16–20 | போர்ட்டர், யாக் | கிராம்பான், ஜூமார், நிலைக்கயிறு (மலையில் முன்பே கட்டிவைத்த கயிறு) | 2,500–6,000 | ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் |
| அகோன்காகுவா, அர்ஜென்டினா | 6,961 மீ | 18–20 | அடிவார முகாம் வரை கோவேறு கழுதை, மேலே நீங்கள் | கிராம்பான் (நிலைமையைப் பொறுத்து) | 4,000–8,000 | டிசம்பர்–பிப்ரவரி |
| டெனாலி, அலாஸ்கா | 6,190 மீ | 17–21, அதற்கு மேலும் | முழுக்க நீங்கள் | எல்லாமே | 10,000க்கு மேல் | மே–ஜூலை தொடக்கம் |

விலைகள் ஆண்டுதோறும் நகரும். மலைகளுக்குள்ளே உள்ள விகிதத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

## கிளிமஞ்சாரோ: நடக்க மட்டும் தெரிந்தால் போதும்

இங்கே வழிகாட்டி கட்டாயம். தேசியப் பூங்கா விதிப்படி தனியாக ஏற முடியாது. கூடாரம் அடிப்பது, சமைப்பது, தண்ணீர் சுமப்பது எல்லாம் அவர்கள் பாடு. ஓர் ஏறுநருக்கு மூன்று நான்கு பணியாளர்கள் வருவது சாதாரணம். முதுகில் சின்னப் பையோடு நடப்பது மட்டுமே உங்கள் வேலை.

நடப்பது என்றவுடன் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிகர இரவில், பல வழித்தடங்களில் 4,673 மீட்டரில் இருக்கும் பராஃபு முகாமிலிருந்து நள்ளிரவில் கிளம்பி, 1,200 மீட்டருக்கு மேல் ஏறி, அதே நாளில் சுமார் 3,100 மீட்டருக்கு இறங்கிவிடுவார்கள். ஏற்றத்தைவிட அந்த இறக்கத்தில்தான் முழங்கால்கள் அழும்.

கிளிமஞ்சாரோவில் தோற்பவர்களில் பலரைத் தோற்கடிப்பது அவசரம்தான். மரங்கு வழியில் ஐந்து நாளில் ஏறி இறங்கிவிடலாம், குடிசைகளில் படுக்கையும் உண்டு, விலையும் குறைவு. மேலே சொன்ன தூங்கும் உயர விதியை அந்த ஐந்து நாளுக்குப் பொருத்திப் பாருங்கள், அது எங்கே உடைகிறது என்று தெரிந்துவிடும். எட்டு நாள் லெமோஷோ அல்லது அதற்கும் நீண்ட வடக்குச் சுற்றுப் பாதை பணத்துக்குப் பொருத்தமான தேர்வு. லெமோஷோ வழியிலும் மச்சாமே வழியிலும் ஒரு நாள் லாவா டவர் வரை, சுமார் 4,600 மீட்டர், ஏறிவிட்டு 3,960 மீட்டர் பரான்கோவில் இறங்கித் தூங்குவீர்கள். உடம்பு பழக இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. உயர நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லதுதான். ஆனால் அதை நம்பி இரண்டு நாளைக் குறைப்பது அறிவுள்ள காரியம் அல்ல.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது டிப்ஸ். அது சில நூறு டாலர் வரும், அங்கே அதைச் சம்பளத்தின் ஒரு பகுதி என்றே பார்க்கிறார்கள். இரண்டாவதை உங்களிடம் கேட்க மாட்டார்கள், போர்ட்டர்கள் கொடுத்துவிடுவார்கள். பூங்காக் கட்டணம் ஒவ்வோர் ஆளுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் உண்டு, அது எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். அப்படியிருக்க ஒருவர் மட்டும் பாதி விலை சொன்னால் அந்தப் பாதி போர்ட்டரின் கூலியிலிருந்தும் சோற்றிலிருந்தும் வந்திருக்கும். ஒரு போர்ட்டருக்கு 20 கிலோ என்று எடை வரம்பு இருக்கிறது. கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு எந்த நிறுவனம் ஒழுங்காக நடத்துகிறது என்று கண்காணிக்கிறது. அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.

ஒருவருக்கு முடியவில்லை என்றால் துணை வழிகாட்டி ஒருவர் அவரை இறக்கிவிடுவார், மற்றவர்கள் போகலாம். இந்த வசதி மற்ற நான்கில் இவ்வளவு எளிதல்ல. உயரத்தில் உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்காதவர்களுக்கும், குடும்பமாகவோ நண்பர்களாகவோ பல தரப்பட்ட ஆட்கள் சேர்ந்து போவதற்கும் கிளிமஞ்சாரோதான். பனியில் நடக்கக் கற்க வேண்டும் என்று போகிறவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது.

## எல்ப்ரஸ்: விலை குறைவு, மற்றதெல்லாம் கேள்விக்குறி

தெற்குப் பக்கம் கேபிள் கார் 3,800 மீட்டர் வரை கொண்டுபோய் விட்டுவிடும். அதற்கு மேலும் பணம் கொடுத்தால் பனி வண்டி சுமார் 5,000 மீட்டர் வரை ஏற்றிச் செல்லும். சிகர நாளில் அறுநூற்றுச் சொச்சம் மீட்டர் மட்டும் ஏறிவிட்டு ஐரோப்பாவின் உயரமான சிகரத்தைத் தொட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வண்டியில் சட்டென்று உயரத்துக்குப் போனவருக்கு அங்கிருந்து கால்நடையாக இறங்கும் தெம்பு இருக்கிறதா என்பது இறங்கும்போதுதான் தெரியும்.

சரிவு மிதமானது. வானம் தெளிவாக இருந்தால் கிராம்பான் பழக நல்ல இடம். மூடுபனி இறங்கிவிட்டால் பாதை எது, பனிப்பிளவுகள் இருக்கும் பக்கம் எது என்று தெரியாது. 2021 செப்டம்பர் 23 அன்று வழிகாட்டிகளோடு போன 19 பேர் கொண்ட குழு 5,000 மீட்டருக்கு மேல் புயலில் மாட்டிக்கொண்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். சுலபமான மலை என்று பெயர் எடுத்த மலையில், பருவத்தின் கடைசியில், பெரிய குழுவோடு போகும்போது ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்ற கேள்விக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்று அந்த நாள் காட்டியது.

அப்புறம் நடைமுறைச் சிக்கல்கள். 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டில் வழங்கிய விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை, ரொக்கமாகத்தான் கொண்டுபோக வேண்டும். பல இன்சூரன்ஸ் நிறுவனங்கள் அந்த நாட்டுக்குப் பாதுகாப்பு தர மறுக்கின்றன. மீட்புச் செலவுக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் 5,600 மீட்டர் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் பாலிசி அங்கே செல்லும் என்று எழுத்தில் வாங்க முடிந்தவர்களுக்கு, குறைந்த நாளில் குறைந்த செலவில் பனிமலை அனுபவம் தரும் இடம் இது. மற்றவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

## ஐலண்ட் பீக்: கயிறு பிடிக்கக் கற்கும் இடம்

1953 எவரெஸ்ட் பயணத்தின் பிரிட்டிஷ் குழு பயிற்சிக்காக ஏறிப் பார்த்த மலை இது. இன்றும் பயிற்சிக்குத்தான் பேர்போனது. லுக்லா விமான நிலையத்தில் இறங்கி, நாம்சே, சுகுங் என்று பத்துப் பன்னிரண்டு நாள் மெல்ல நடந்து ஏறுவதால் உடம்பு தானாகப் பழகிவிடும். வழியெல்லாம் டீ ஹவுஸ் எனப்படும் தங்கும் விடுதிகள் உண்டு, கூடாரம் கடைசி ஓரிரு இரவுக்கு மட்டும். கிளிமஞ்சாரோவைவிட உயரமான இந்த மலைக்கு வரும்போது, உயரத்துக்குப் பழகியிருப்பதில் நீங்கள் அங்கே இருந்ததைவிட நல்ல நிலையில் இருப்பீர்கள்.

சிகர நாள் வேறு ரகம். இரவு ஒன்று இரண்டு மணிக்குக் கிளம்பி, பாறையில் ஏறி, பனியாற்றில் கயிறு கட்டிக்கொண்டு நடந்து, கடைசியில் செங்குத்தான பனிச்சுவர் ஒன்றை நிலைக்கயிற்றில் ஜூமார் போட்டு ஏற வேண்டும். பனிப்பிளவுகளின் மேல் சில ஆண்டுகளில் ஏணி போட்டிருப்பார்கள். பனியாறு மாறிக்கொண்டே இருப்பதால் போன வருடம் போனவர் சொன்ன பாதை இந்த வருடம் இருக்காது.

ஜூமார் பயிற்சி என்று அட்டவணையில் போட்டிருப்பது பெரும்பாலும் அடிவார முகாமில் ஒரு மதியம், ஒன்றிரண்டு மணி நேரம். அது போதாது. ஏறுவதாவது பரவாயில்லை. தடித்த கையுறையோடு, ஆக்ஸிஜன் பற்றாத மூளையோடு, ஒவ்வொரு முடிச்சிலும் கொக்கியைக் கழற்றி அடுத்த கயிற்றில் மாட்டி இறங்குவதுதான் பாடு. இதைக் கைகள் தூக்கத்திலும் செய்யும் அளவுக்கு ஊரிலேயே பழகிக்கொண்டு போங்கள். கயிற்றில் தடுமாறுகிறவர் ஒருவர் முன்னால் நின்றால் பின்னால் வரிசையே குளிரில் உறையும்.

மறைந்த செலவுகளில் பெரியது லுக்லா விமானம். மேகம் வந்தால் நாள் கணக்கில் பறக்காது. கூட்டமான பருவத்தில் காத்மாண்டுவுக்குப் பதிலாக, சாலையில் பல மணி நேரம் தள்ளியிருக்கும் ராமேச்சாப்பிலிருந்து பறக்க வேண்டியிருக்கும். வீடு திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் மூன்று நாளாவது காலியாக வையுங்கள். இன்னொன்று ஹெலிகாப்டர். அந்தப் பகுதியில் ஹெலிகாப்டர் வசதி நன்றாக இருக்கிறது, உண்மையில் தேவைப்படும்போது அது உயிரைக் காப்பாற்றும். அதே வசதியை வைத்து, சாதாரணத் தலைவலிக்காரர்களையும் ஏற்றிவிட்டு இன்சூரன்ஸில் பணம் கறக்கும் மோசடி நடந்ததை நேபாள அரசே 2018இல் விசாரித்தது. ஹெலிகாப்டரைக் கூப்பிடும் முன் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் அவசர எண்ணுக்குப் பேசுவது யார் என்று புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கயிறு பயமாக இருக்கிறது, ஆனால் ஆறாயிரம் தாண்ட வேண்டும் என்பவர்களுக்குப் பக்கத்திலேயே மேரா பீக் இருக்கிறது. 6,476 மீட்டர். பெரும்பாலும் பனியாற்றின் மேல் நீண்ட நடை. உச்சியிலிருந்து எவரெஸ்ட், லோட்சே, சோ ஓயு, மகாலு, காஞ்சன்ஜங்கா என்று ஐந்து எண்ணாயிரம் மீட்டர் மலைகள் தெரியும். காட்சிக்கு மேரா, கற்றுக்கொள்ள ஐலண்ட் பீக் என்பது என் தீர்ப்பு. மேராவுக்கு லுக்லாவிலிருந்து நேராக ஸத்ர்வா கணவாய் ஏறும் குறுக்குவழி அட்டவணைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் 4,600 மீட்டர் தாண்டுவது சரியில்லை.

## அகோன்காகுவா: நடைபாதைதான், ஆனால்

ஆசியாவுக்கு வெளியே இதைவிட உயரமான மலை உலகத்தில் இல்லை. வழக்கமான பாதையில் பனியாறு கிடையாது, கயிறு கிடையாது. சரளைக்கல் சரிவுதான். இதைக் கேட்டுவிட்டு மலைநடைக்காரர்கள் பலர் கிளிமஞ்சாரோவிலிருந்து நேராக இங்கே வருகிறார்கள். பாதிக்கு மேற்பட்டோர் உச்சி பார்க்காமல் திரும்புகிறார்கள்.

முதல் காரணம் காற்று. பசிபிக் பக்கமிருந்து வரும் காற்றைத் தடுக்க அந்த உயரத்தில் வேறு ஒன்றும் இல்லை. வியென்ட்டோ பிளாங்கோ என்று அங்கே சொல்லும் வெள்ளைக் காற்று அடித்தால் கூடாரத்துக்குள் நாள் கணக்கில் கிடக்க வேண்டியதுதான். அதனால் அட்டவணையில் வானிலைக்கென்று எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது இங்கே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். பதினைந்து நாள் பயணத்தை மலிவாகக் கொடுப்பவர் அந்த நாட்களைத்தான் வெட்டியிருப்பார்.

இரண்டாவது காரணம் சுமை. 4,300 மீட்டரில் இருக்கும் பிளாசா தெ முலாஸ் அடிவார முகாம் வரை கோவேறு கழுதைகள் மூட்டையைக் கொண்டுவந்து சேர்க்கும். அங்கே சாப்பாட்டுக் கூடாரம், இணையம், சுடுநீர்க் குளியல் என்று சொகுசுக்குக் குறைவில்லை. அதற்கு மேல் ஆட்டம் மாறுகிறது. பிளாசா கனடா, நிடோ தெ கோண்டோரெஸ், கோலெரா என்று மூன்று மேல் முகாம்கள். கூடாரம், எரிவாயு, உணவு, உங்கள் துணிமணி எல்லாவற்றையும் பங்குபோட்டுச் சுமக்க வேண்டும். ஒருநாள் சுமையை மேலே வைத்துவிட்டு இறங்கி வந்து, மறுநாள் மீண்டும் ஏறித் தங்குவது இங்கே வழக்கம். முதுகில் 15 முதல் 20 கிலோ. மேல் முகாம்களுக்கும் போர்ட்டர் கிடைப்பார், ஆனால் முகாமுக்கு முகாம் தனித்தனியாகப் பணம். எல்லா முகாமுக்கும் போட்டுக் கூட்டினால் மொத்தச் செலவு ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். இந்தத் தொகை நிறுவன விலைக்குள் இருக்கிறதா என்று கேட்காமல் இரண்டு நிறுவனங்களை ஒப்பிடவே முடியாது.

அனுமதிக் கட்டணமும் அப்படித்தான். மெண்டோசா மாகாணம் வசூலிக்கும் இந்தக் கட்டணம் பருவத்தையும் பாதையையும் பொறுத்து மாறும், பல நூறு டாலர் வரும், பெரும்பாலும் விளம்பர விலைக்கு வெளியே நிற்கும்.

எனக்கு இந்த மலையில் பிடித்த விஷயம் அடிவார முகாமில் இருக்கும் மருத்துவர். இரத்த அழுத்தமும் ஆக்ஸிஜன் அளவும் பார்த்து, அவர் சரி என்றால்தான் மேலே போகலாம். கட்டணம் கொடுத்த வாடிக்கையாளரிடம் "வேண்டாம்" என்று சொல்ல வழிகாட்டி தயங்கும் இடத்தில், பணத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர் சொல்லிவிடுகிறார்.

சிகர நாளில் கோலெராவிலிருந்து, சுமார் 5,970 மீட்டர், கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றம். கடைசியில் வரும் கனலேட்டா என்ற சரிவில் இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். ஏற்கெனவே 5,500 மீட்டருக்கு மேல் ஒருமுறையாவது போய், அங்கே பசியும் தூக்கமும் எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு இந்த மலை ஏற்றது. முதல் சிகரமாக வேண்டாம். ஆனால் எண்ணாயிரம் மீட்டர் கனவு இருப்பவர்களுக்கு, ஏழாயிரத்துக்கு இத்தனை நெருக்கமாக, பனிப்பிளவு பயமில்லாமல் உடம்பைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

## டெனாலி: வழிகாட்டி உண்டு, வேலையாள் இல்லை

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். 2015இல் டெனாலி என்று அதிகாரப்பூர்வமாக மாற்றிய பெயரை 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு மீண்டும் மக்கின்லி ஆக்கியது. மலையேறுபவர்கள் டெனாலி என்றே சொல்கிறார்கள். தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

டால்கீட்னா என்ற சிற்றூரிலிருந்து பனிச்சறுக்குப் பலகை வைத்த சின்ன விமானம் உங்களைக் கஹில்ட்னா பனியாற்றில், சுமார் 2,200 மீட்டரில், இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து உச்சி ஏறக்குறைய 4,000 மீட்டர் மேலே. போர்ட்டர் இல்லை, கழுதை இல்லை, சமையல்காரர் இல்லை. மூன்று வார உணவும் எரிபொருளும் சேர்த்து ஆளுக்கு 50 கிலோவுக்குக் குறையாத சுமை, பாதி முதுகில், பாதி ஸ்லெட்ஜில். முகாம் அடிக்கும்போது பனியை அறுத்துக் கட்டிகளாக்கிக் காற்றுக்குச் சுவர் எழுப்ப வேண்டும். உங்கள் மலத்தைக்கூட அதற்கென்ற டப்பாவில் சேகரித்துச் சுமக்க வேண்டும்.

வழிகாட்டி என்ன செய்வார்? பாதையும் வானிலையும் பார்த்து முடிவெடுப்பார், கயிற்றில் உங்களோடு இருப்பார், சமையலையும் பெரும்பாலும் கவனிப்பார். வழக்கமாக மூன்று ஏறுநருக்கு ஒரு வழிகாட்டி. அந்த மூவரும் ஒரே கயிற்றில் இருப்பதால், அவர் பனிப்பிளவில் விழுந்தால் பிடித்து நிறுத்த வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர். இதனால்தான் நிறுவனங்கள் முன் அனுபவம் கேட்கின்றன, பனியாற்றுப் பயிற்சி முடித்த சான்று கேட்கின்றன. கேட்காமல் பணம் வாங்கிக்கொள்ளும் நிறுவனம் இருந்தால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். தேசியப் பூங்கா சேவை அங்கே வழிகாட்ட ஆறு நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறது. நண்பர்கள் குழு மாதிரி காட்டிக்கொண்டு வெளியாள் ஒருவர் பணத்துக்கு வழிகாட்டுவது சட்டவிரோதம். பிடிபட்டால் பயணம் அங்கேயே ரத்து.

அப்புறம் அட்சரேகை. 63 டிகிரி வடக்கில், துருவத்துக்குப் பக்கத்தில், காற்று மண்டலம் நிலநடுக்கோட்டில் இருப்பதைவிடத் தாழ்வாக நிற்கிறது. அதனால் அதே உயரத்துக்கு இங்கே காற்றழுத்தம் குறைவு. டெனாலி உச்சியில் நிற்கும் உடம்புக்கு, இமயமலையில் இதைவிடச் சில நூறு மீட்டர் உயரமான இடத்தில் நிற்பது போலத்தான் இருக்கும். மே மாதக் குளிர் மைனஸ் 30ஐ எளிதாகத் தொடும்.

ஏறும் நாட்களைவிடக் காத்திருக்கும் நாட்களே இங்கே மனதை உடைக்கும். சுமார் 4,330 மீட்டரில், பூங்காக் காவலர்களும் முகாமிடும் இடத்தில், நல்ல வானிலைக்காக ஒரு வாரம் உட்கார்ந்திருப்பது அசாதாரணம் அல்ல. இறங்கிவந்த பிறகும் மேகம் மூடியிருந்தால் விமானம் வராது. மொத்தத்தில் வருவோரில் ஏறக்குறைய பாதிப் பேரே உச்சி தொடுகிறார்கள். பத்தாயிரம் டாலருக்கு மேல் கட்டிவிட்டு, வானிலை கெட்டால் ஒரு காசும் திரும்பாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தயாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கருவிச் செலவும் தனி. இரட்டை அடுக்கு பூட்ஸ் மட்டுமே ஆயிரம் டாலரை நெருங்கும்.

இத்தனையும் சொன்னபின் ஒன்றையும் சொல்ல வேண்டும். மலையில் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவராக ஒருவரை மாற்றுவதில் இந்த ஐந்தில் டெனாலிக்கு இணை கிடையாது. பனியாற்றுப் பயிற்சி முடித்து, இரண்டு மூன்று பனிச்சிகரங்கள் ஏறி, வருடம் முழுக்கச் சுமையோடு பயிற்சி செய்ய முடிந்தவர்கள் போகட்டும்.

## எவரெஸ்ட் கேட்பவர்களுக்கு

சுருக்கமாக. நேபாளம் 2025 செப்டம்பரிலிருந்து வசந்தகால எவரெஸ்ட் அனுமதிக் கட்டணத்தை 11,000 டாலரிலிருந்து 15,000 ஆக்கியது. அது அனுமதி மட்டும். ஷெர்பா, ஆக்ஸிஜன், உணவு, முகாம் சேர்ந்தால் மலிவான நிறுவனத்திலும் அதன் இரண்டு மடங்கைத் தாண்டும். முதல் சிகரத்துக்கான ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

## நிறுவனத்திடம் என்ன கேட்பது

மலையை முடிவு செய்தாயிற்று, இப்போது வெளிநாட்டு நிறுவனமா உள்ளூர் நிறுவனமா என்ற கேள்வி வரும். கிளிமஞ்சாரோவிலும் நேபாளத்திலும் பல வெளிநாட்டு நிறுவனங்கள் உள்ளூர் நிறுவனத்திடமே வேலையைக் கொடுத்துவிட்டு நடுவில் லாபம் வைக்கின்றன. பெயருக்குப் பணம் கொடுப்பதைவிட, மலையில் கூட வரப்போகும் ஆள் யார், அவர் பெயர் என்ன, அந்த மலையில் எத்தனை பருவம் வேலை பார்த்தவர் என்று கேளுங்கள். பனியும் கயிறும் உள்ள மலைகளில் ஐஎஃப்எம்ஜிஏ என்ற சர்வதேச வழிகாட்டிகள் கூட்டமைப்பின் சான்று பெரிய தகுதி. கிளிமஞ்சாரோவில் அது தேவையில்லை, அங்கே பூங்கா உரிமமும் முதலுதவிப் பயிற்சியும் போதும்.

குழுவோடு போவதா, தனி வழிகாட்டியா என்று தயங்குபவர்களுக்கு: ஐலண்ட் பீக்கில் தனி ஷெர்பாவுக்கான கூடுதல் தொகை அதிகமில்லை, கொடுத்துவிடலாம். டெனாலியில் தனிப் பயணத்தின் விலை தலைசுற்ற வைக்கும்.

## இந்த ஐந்தும் ஒத்துவரவில்லை என்றால்

இரண்டு வாரம்தான் இருக்கிறது, எல்ப்ரஸ் போக முடியாது, ஆனால் கிராம்பான் போட்டுப் பனியாற்றில் நடக்க வேண்டும் என்பவர்களுக்கு ஈக்வடார் நல்ல மாற்று. கீட்டோ நகரமே 2,850 மீட்டரில் இருப்பதால் விமானத்திலிருந்து இறங்கிய நாளிலிருந்தே உடம்பு பழகத் தொடங்கிவிடும். கயம்பே 5,790 மீட்டர், கோட்டோபாக்ஸி 5,897 மீட்டர், சிம்பொராசோ 6,263 மீட்டர் என்று படிப்படியாக ஏறலாம். பனியாற்றில் இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது அங்கே வழக்கம். கோட்டோபாக்ஸி உயிருள்ள எரிமலை. 2015இல் சீறியபோது மூடினார்கள், பிறகும் மூடியிருக்கிறார்கள். அதனால் முன்பணம் கட்டும் முன், அது மூடியிருந்தால் பதிலுக்கு எந்த மலை, அதற்குக் கூடுதல் பணம் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.